ஆறு மலையில்தான் தொடங்குகிறது

(வட்டவளைப் பகுதித் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற் போனவர்களும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டவும்.)



பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் சொந்தக்காரர் வீட்டிலுமாகப் பல நாட்கள் இருந்துவிட்டு இப்போது நீங்கள் திரும்பி வருகிறீர்கள். நிவாரணப் பொருட்கள், வீட்டுச் சேத மதிப்பீடு, பிள்ளைகளின் பாடசாலை ஆகியவை பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். எனக்குத் தந்த விடயம் ஆறும் வெள்ளமும்.

"நாங்கள் மலையில் இருக்கிறோம். வெள்ளம் கீழே இருக்கிறவர்களுக்குத்தானே? எங்களுக்குப் பயம் மண்சரிவுதான்" என்று முகாமில் ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. மேலே மண்சரிவும் கீழே வெள்ளமும் ஒரே மழையால் வருகின்றன என்பதே அதற்குப் பதில். பெரிய ஆறுகளில் வந்த பெரிய அழிவுகளைப் பார்த்தால் அது விளங்கும். அது விளங்கினால், உங்கள் லயத்துக்குத் திரும்பிப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும்.

இங்கே விழும் மழை எங்கே போகிறது?

இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. இங்கே வருடத்துக்குச் சராசரியாக 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. கொழும்பில் அதில் பாதியளவுதான் பெய்யும். யாழ்ப்பாணத்தில் அதைவிடவும் குறைவு.

இந்தப் பக்கத்துச் சரிவுகளில் விழும் மழை ஓடைகளாகவும் ஓயாக்களாகவும் இறங்கி மகாவலியில் சேர்கிறது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி என்று போய், பொலன்னறுவை வயல்களைத் தாண்டி, திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது. மொத்தம் 335 கிலோமீற்றர். மலையின் மறுபக்கத்தில், நோர்ட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் இறங்கி, இரண்டும் சேர்ந்து களனி ஆறாகிறது. யட்டியந்தோட்டை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகிறது. நாட்டின் இரண்டு முக்கிய ஆறுகளுக்கும் தண்ணீர் கொடுப்பவை நீங்கள் கொழுந்து பறிக்கும் இந்த மலைகளே.

ஆகவே 1947 ஆகஸ்டில் களனி பெருகிக் கொழும்புக்குள் புகுந்தபோதும் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மலைநாட்டு மழைதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதே நாட்களில் கீழே கம்பளை மூழ்கியது. திருகோணமலைப் பக்கம் மாவிலாற்றுக் கரை உடைந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் அதிகமானோர் மலையகத்தில் மண்சரிவில் சிக்கியவர்கள்.

மழையின் எடையை ஒரு கணக்கால் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால், ஓர் ஏக்கர் தேயிலையில் விழுவது ஏறத்தாழ ஆறு லட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசர் 60 நிறைய வரும். நிறை 600 தொன். இது ஓர் ஏக்கருக்கு மட்டும். உங்கள் லயத்துக்கு மேலே எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு தண்ணீரும் ஏதோ ஒரு வழியால் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்குக் கான் இருந்தால் கானால் போகும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கி, மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும்.

பெரிய ஆறுகள் சொல்லும் பாடம்

சீனாவின் மஞ்சள் ஆற்றுக்கு "சீனாவின் துயரம்" என்று பெயர். அந்த ஆறு மெல்லிய மஞ்சள் மண் மூடிய மேட்டுநிலம் ஒன்றின் வழியாக வருகிறது. மரமும் புல்லும் போன மேடுகளிலிருந்து மழை மண்ணைக் கரைத்து எடுத்தது. ஒரு காலத்தில் வருடத்துக்கு 160 கோடி தொன் மண் அந்த ஆற்றில் வந்தது. சமவெளிக்கு வந்ததும் தண்ணீரின் வேகம் குறைய, மண் அடியில் படிந்தது. ஆற்றின் அடி உயர்ந்தது. மக்கள் கரையை உயர்த்திக் கட்டினார்கள். அடி மேலும் உயர்ந்தது, கரையையும் மேலும் உயர்த்தினார்கள். கடைசியில் சில இடங்களில் ஆறு பக்கத்து ஊர்களின் தரையைவிடப் பல மீற்றர் உயரத்தில் ஓடியது. 1887இல் கரை உடைந்தபோது பல லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இந்தியாவில் கோசி ஆறு இருக்கிறது. அதைப் "பீகாரின் துயரம்" என்பார்கள். இமயமலையிலிருந்து மண்ணும் கல்லும் சுமந்து வருகிற ஆறு. அதற்கும் இரு பக்கமும் கரை கட்டினார்கள். 2008 ஆகஸ்ட் 18ஆம் திகதி நேபாளத்தில் குசாஹா என்ற இடத்தில் அந்தக் கரை உடைந்தது. கரை எவ்வளவு தண்ணீரைத் தாங்க வேண்டும் என்று கட்டினார்களோ, அதைவிட மிகக் குறைந்த தண்ணீரே அன்று ஆற்றில் ஓடியது. உடைப்பு வழியாக வெளியே வந்த ஆறு, பல தலைமுறைக்கு முன் தான் விட்டுப்போன பழைய பாதையிலேயே ஓடியது. அங்கே இப்போது ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊரில் வெள்ளமே பார்த்திராதவர்கள்.

சீனாவில் 1998இல் யாங்சி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன் பிறகு அந்நாட்டு அரசாங்கம் வெள்ளம் வந்த சமவெளியோடு நிற்காமல், ஆறு தொடங்கும் மலைகளுக்குப் போனது. அங்கே காட்டு மரம் வெட்டுவதைத் தடை செய்தது. செங்குத்தான சரிவில் பயிர் செய்தவர்களுக்கு உதவி கொடுத்து, அந்த நிலத்தைத் திரும்ப மரத்துக்கும் புல்லுக்கும் விடச் செய்தது. மஞ்சள் ஆற்று மேட்டுநிலத்திலும் படிக்கட்டு வரப்பு வெட்டி மரம் நட்டார்கள். அதனாலும் அணைக்கட்டுகளாலும் இன்று அந்த ஆற்றில் வரும் மண் முன்னர் வந்ததில் ஒரு சிறு பங்குதான்.

இவற்றிலிருந்து மூன்று விடயங்களை ஞாபகத்தில் வையுங்கள். ஒன்று, வெள்ளத்தின் அழிவு தண்ணீரால் மட்டும் வருவதில்லை, அது கொண்டுவரும் மண்ணாலும் வருகிறது. இரண்டு, கட்டி வைத்த கரையை நம்பிக் கவனிக்காமல் விட்டால் அது ஒரு நாள் உடையும். மூன்று, தண்ணீர் தன் பழைய பாதையில் திரும்பி வரும்.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லுக்கட்டும் ஒரு கரைதான். மண்போட்டு நிரப்பி, அதன்மேல் குசினியோ மாட்டுக் கொட்டிலோ கட்டிய பழைய ஓடையும் ஒரு பழைய ஆற்றுப் பாதைதான். மஞ்சள் ஆற்றுக்கும் கோசிக்கும் சொன்னது அளவில் சிறியதாக இங்கேயும் பொருந்தும்.

நம்மைப் போன்ற தோட்டங்களில் நடந்தவை

கேரளாவின் மூணாறும் தேயிலை மலைதான். அங்கே வேலை செய்பவர்களிலும் பெரும்பாலானோர் தமிழர்கள். 1924 ஜூலையில் அங்கே நாட்கணக்காக மழை பெய்தது. மாட்டுப்பெட்டி என்ற இடத்தில் சரிந்த மண்ணும் மரமும் இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஆற்றை மறித்துத் தானாகவே ஓர் அணை போல நின்றன. பின்னால் தண்ணீர் தேங்கியது. அந்த அடைப்பு உடைந்தபோது மூணாறு நகரம் அழிந்தது. தேயிலை ஏற்றிய சின்ன ரயில் பாதையும் போனது. அதைத் திரும்பப் போடவே இல்லை. இதிலிருந்து ஒரு முக்கியமான அறிகுறியைத் தெரிந்துகொள்ளலாம்: கடும் மழை நேரத்தில் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் ஆறுதல் அடையாதீர்கள். மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. உடனே ஓடைக்கரையை விட்டு மேட்டுக்குப் போக வேண்டும்.

அதே மூணாறுப் பக்கம் பெட்டிமுடி என்ற தோட்டப் பிரிவில் 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியே இருப்பவர்களுக்கு மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது. ஆபத்து வந்த பிறகு தொலைபேசியில் கூப்பிடலாம் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

நம் நாட்டில் கொஸ்லந்தை மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்கள் போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. இதை யார்மீதும் கோபப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையைக் கேட்டு வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து கேட்க வேண்டியது நம்முடைய வேலை என்பதற்காகச் சொல்கிறேன்.

வட்டவளையிலேயே ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கே ரயில் பாதை போகும் சரிவு நகரத் தொடங்கியது. பொறியியலாளர்கள் ஆராய்ந்து பார்த்தபோது மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர்தான் காரணம் என்று கண்டார்கள். சரிவுக்குள் துளை போட்டு, உள்ளே இருந்த தண்ணீரை வெளியே வடிய விட்டார்கள். நிலத்தடி நீர் மட்டம் இறங்கச் சரிவு உறுதியானது. அந்த வேலையை நாம் மண்வெட்டியால் செய்ய முடியாது. ஆனால் மேலே வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் கானால் அனுப்புவது நம் தாத்தா, பாட்டி காலத்திலிருந்தே தோட்டத்து வேலைதான். கான் வெட்டுவது தேயிலைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். கீழே இருக்கும் லயத்துக்கும் அதுதான் காவல்.

வீட்டுக்குள் சாமான் வைக்குமுன் பார்க்க வேண்டியவை

மழை இல்லாத பகல் நேரத்தில், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து லயத்தைச் சுற்றியும் அதற்கு மேலேயும் நடந்து பாருங்கள். அந்த இடத்தை நெடுநாள் அறிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பு ஓடை எங்கே ஓடியது என்று அவருக்குத் தெரியும்.

1. தரையில், சுவரில், படிக்கட்டில் புதிய வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் இரண்டு முனையிலும் அடையாளம் போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் வெடிப்பு நீண்டிருந்தாலோ அகன்றிருந்தாலோ அங்கே தங்க வேண்டாம்.

2. மரம், மின்கம்பம், வேலிக் கட்டை சாய்ந்திருக்கிறதா? நன்றாக மூடிய கதவு இப்போது இறுகுகிறதா?

3. முன்பு தண்ணீர் இல்லாத இடத்தில் ஊற்று வந்திருக்கிறதா? பீலியில் வழக்கமாக வரும் தண்ணீர் நின்றுவிட்டதா, கலங்கி வருகிறதா?

4. கல்லுக்கட்டு வயிறு தள்ளி நிற்கிறதா? அதிலுள்ள தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? அடைப்பை எடுத்துவிடலாம். வயிறு தள்ளிய கட்டைத் தொட வேண்டாம், அறிவியுங்கள்.

5. லயத்துக்கு மேலே உள்ள கான்கள் மண்ணும் குப்பையும் நிறைந்து கிடக்கின்றனவா? கான் தண்ணீர் கடைசியில் எங்கே விழுகிறது? இன்னொரு லயத்தின் கூரைக்குப் பின்னால் விழுந்தால், உங்கள் கானைத் துப்புரவு செய்வது அவர்களுக்கு ஆபத்தாகும். இரண்டு லயத்தாரும் பேசி வழி செய்யுங்கள்.

6. மரக்கறித் தோட்டம் போடுவதற்காகவோ அறை கூட்டுவதற்காகவோ லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை நேராக வெட்டாதீர்கள். வெட்டிய மண்ணையும் ஓடையில் தள்ளாதீர்கள். அது கீழே ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கும்.

மழையை நீங்களே அளக்கலாம்

மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள பால்மா டின் ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில், விழாதபடி கல் அணைத்து வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளையின் அடிமட்டத்தால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். உயரம் எத்தனை மில்லிமீற்றரோ, மழையும் அத்தனை மில்லிமீற்றர். பலத்த மழை நாளில் இடையிடையேயும் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் இவை:

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள் நிலை. விழிப்பாக இருங்கள்.

100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள் நிலை. பையைக் கட்டி, முதியோரையும் பிள்ளைகளையும் தயார்ப்படுத்துங்கள்.

24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ சிவப்பு நிலை. வெளியேறுங்கள்.

வட்டவளையில் 75 மில்லிமீற்றர் பெரிய அதிசயமல்ல என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் போன புயலில் அசைந்த மண் பழைய மண் அல்ல. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றைக் கண்டால், டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புறப்படுங்கள். இருட்டுமுன் போவது நல்லது. இரவில் பாதை தெரியாது, பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள்.

யார் யாரை எழுப்புவது, படுக்கையில் இருக்கும் பாட்டியை யார் தூக்குவது, எந்தப் பாதையால் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று ஒவ்வொரு லயத்தாரும் இந்த வாரத்துக்குள் பேசி முடிவெடுங்கள். வேலை நேரத்தில் மழை பிடித்தால் பிள்ளை மடுவத்திலிருக்கும் குழந்தைகளை யார் எடுப்பது என்பதையும் அதிலே சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி, மருந்து ஆகியவற்றை ஒரே பொலித்தீன் பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

"லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நாங்கள் என்ன செய்வது?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. வீடும் நிலமும் உங்கள் பெயரில் இல்லாததால், இடத்தை மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு.

உங்கள் லயம் இருக்கும் இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்ததா, என்ன அறிக்கை கொடுத்தது என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட லயத்திலுள்ள எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. வெடிப்பு, கல்லுக்கட்டு, அடைபட்ட கான் ஆகியவற்றைப் படம் எடுத்து இணையுங்கள். ஒரு பிரதியைத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுங்கள். இன்னொரு பிரதியில், பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத உதவி தேவையானால் எமது களப் பணியாளர்கள் எழுதித் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

"திரும்பிப் போகாவிட்டால் உதவி நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால், உடனே வீட்டுக்குள் போக வேண்டாம். எங்களிடம் வந்து விசாரியுங்கள். பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு நாங்கள் யாரையும் அனுப்ப மாட்டோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று வேலைகள் செய்யுங்கள். லயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். டின் ஒன்றை வெளியில் வையுங்கள். பக்கத்து வீட்டாரோடு போகும் பாதையைப் பேசுங்கள். ஆபத்து நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அந்த இலக்கத்தைக் கதவிலே எழுதி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் வந்து பேசலாம்.